வெள்ளையா இருக்கறதுதான் நல்லது

அந்த சன்னலைச் சித்த சாத்திக்கலாமா அம்மிணி? தூசி மூஞ்சிக்கே வருது. ஆங், போதும் போதும், காத்து வர்ற அளவுக்கு இருக்கட்டும். ஒக்காரறதுக்கு முன்னாடி சீட்டைத் தொடச்சியா? இல்லையா? அதானே. நான் கைக்குட்டையை நனைச்சுத் தொடச்சுட்டுத்தான் ஒக்காந்தேன். உன்ற சீட்டையும் சேத்துத்தான் தொடச்சேன், நீ பயப்படாம சாஞ்சுக்க.

எதுவரைக்கும் போற? சத்தியமங்கலமா? நான் சத்திக்கு முன்னாடியே, புளியம்பட்டி. ஒரு கல்யாணம். கல்யாணம் நாளைக்கு வெடியாலதான், இன்னைக்குப் பொழுதோட இணைச்சீரு. இணைச்சீருன்னாத் தெரியுமல்ல? எந்த ஊரு நீ? தர்மபுரியா, அப்பத் தெரியாது. எங்க பக்கம் அது இல்லாம கல்யாணமே இல்ல. மாப்பிள்ளை பக்கத்துல அவன்ற அக்காளோ தங்கச்சியோ ஒக்காரோணும். அவளுக்கும் புதுச்சேலை, மாலை எல்லாம் உண்டு. நாளைக்கு ஒருத்தி பொண்டாட்டியா வந்துட்டாலும், அவளுக்கு முன்னாடி இருந்தவ இவதான், இவளை மறந்துராதடான்னு ஊரறிய ஒக்கார வெச்சு சொல்ற சீரு அது. கூடப்பொறந்தவ இல்லைன்னா சித்தப்பன் மக, பெரியப்பன் மக ஆராச்சும் ஒக்காருவாங்க.

அந்த எடத்துல ஒக்காரத்தான் நான் போறேன். தம்பியான்னு கேக்காத. எனக்குக் கூடப்பொறந்தது ஆருமில்ல. அவனுக்கும் இல்ல. என்ற கூட லேப்புல வேலை செஞ்ச பையன், தரணிதரன்னு பேரு. அவன் மூஞ்சியிலயே முழிக்கறதில்லைன்னு இருந்தவ நான். போறதா வேண்டாமான்னு காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுல நின்னுட்டு ரெண்டு மூணு வண்டிய உட்டுட்டேன். இன்னுமும் முடிவு பண்ணல பாத்துக்க. டிக்கெட்டு என்னமோ புளியம்பட்டிக்குத்தான் வாங்கியிருக்கறேன்.

சேலை நல்லா இருக்குதா? மாம்பழக் கலரு. எனக்கு இந்தக் கலரெல்லாம் ஆகாது. அவன் எடுத்துக் குடுத்தது. அங்க போயி ஒண்ணு குடுப்பாங்க, அது வேற. இது வர்றதுக்குக் கட்டிட்டு வரச் சொல்லிக் குடுத்தான். பத்துத் தடவ அலசிட்டுத்தான் கட்டுனேன், கடையில எத்தன பேரு கை வெச்சிருப்பாங்களோ.

என்ன வேலையா? செடி இல்லாம மருந்தெடுக்கற வேலை. சிரிக்காத, நெசமாத்தான். நித்தியகல்யாணி தெரியுமல்ல, சுடுகாட்டுப் பூவும்பாங்க, ரோசாக் கலர்ல பூக்கும். அதுல மருந்துச் சரக்கு இருக்குது. ரத்த ஓட்டத்துக்கு ஆகற சரக்கு ஒண்ணு, அதுதான் எங்களுக்கு வேணும். காடு காடா வளத்து, வேரைப் புடுங்கி அரைச்சாத்தான் துளி கெடைக்கும். அதுக்குப் பதுலா, இலையைத் துணுக்கா நறுக்கி, சர்க்கரையும் உப்பும் கலந்த பசையில வெச்சம்னு வெய்யி, அந்தத் துணுக்குல இருந்து கட்டி கட்டியா ஒண்ணு வளரும். காலஸ்னு பேரு. இலையும் இல்ல, வேரும் இல்ல, வெறும் செல்லுதான். அந்தக் கட்டியத் தண்ணியில உட்டு, குடுவையில ஆட்டிக்கிட்டே இருந்தா கஞ்சியாட்டப் பெருகும். அந்தச் செல்லுக்குள்ள சரக்கு ஊறும். எங்க கம்பெனி செஞ்சது அதான். எந்தக் கம்பெனின்னு கேக்காத, இப்ப நான் அங்க இல்ல.

இதுல ஒரு தொந்தரவு என்னன்னா, அந்தக் கட்டிய உட்டுட்டு எங்கியும் போக முடியாது. ரெண்டு மூணு வாரத்துக்கொருக்கா புதுப் பசைக்கு மாத்தோணும். மாத்தலைன்னாச் செத்துரும். தீவாளியாவது பொங்கலாவது. எங்கப்பா செத்த அன்னைக்கு எடுத்துப்போட்டு, தலை முழுகிட்டு, மக்யா நாளே போயி மாத்துனேன். ஊருல என்னென்னமோ பேசுனாங்க. ஒலை வாய மூடலாம், ஊரு வாய மூட முடியுமா?

மாத்தறப்ப எல்லாக் கட்டியையும் மாத்த எடம் பத்தாது. நல்லதாப் பொறுக்கி எடுத்து வெச்சுப்போட்டு, மிச்சத்த ஆவியில வேக வெச்சுக் கொன்னு கொட்டிரோணும். அந்தப் பொறுக்கறது என்ற வேலை. இவ்வளவு வருசமும் நானேதான் பொறுக்குனேன், இன்னொருத்தரைக் கை வெக்க உட்டதில்ல. பஞ்சாட்ட வெள்ளையா, மெத்துனு, மளமளன்னு வளந்ததை மட்டும் எடுப்பேன். பழுப்பா, கறை புடிச்சு, சொரசொரன்னு குறுகி நிக்கறதெல்லாம் குப்பைக்கு. நாத்து நடறவ நோஞ்சானாப் பாத்தா எடுத்து நடுவா? நீயே சொல்லு.

என்ற லைன்ல ஒரு பூசணம் புடிச்சதில்ல அம்மிணி. ஒண்ணே ஒண்ணு புடிச்சதில்ல. மத்த கம்பெனியில எல்லாம் வருசத்துக்கு ஒருக்கா மொத்தமாக் கொட்டுவாங்க. எங்களுக்கு ஆராச்சும் பெரிய மனுசங்க பாக்க வந்தா, நேரா என்ற ரூமுக்குத்தான் கூட்டிட்டு வருவாங்க. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்னு பாத்துட்டு, 'என்னங் மேடம், இட்லியாட்ட இருக்குது'ம்பாங்க. சுலோச்சனா வெள்ளைன்னே அதுக்குப் பேரு. நாந்தான் சுலோச்சனா.

கல்யாணமா? எனக்கா? ஆகல. ஏன் ஆகலைன்னு எல்லாரும் கேக்கறதுதான். வரன் வந்துச்சு, வராம இல்ல. ஒருத்தன் சட்டைக் காலரு மொத்தமும் அழுக்கு. பொண்ணுப் பாக்க வர்றப்பவே அப்படின்னா? ஒருத்தன் காப்பியத் தட்டுல ஊத்தி உறிஞ்சறான். எங்கப்பா, 'காலரத் தொவைச்சுக்கலாம் சாமி, மனுசன் நல்லவனா இருக்கறான்'னாரு. தொவைக்கறதுக்கா நான் எம்.எஸ்சி. படிச்சேன்? வேண்டாம்னுட்டேன். அப்புறம் வர்றது நின்னுபோச்சு. அதனால எனக்கொண்ணும் கொறையில்ல. என்ற ஊட்டுக்கு வந்து பாரு, தரையில சோத்தப் போட்டுத் திங்கலாம். வந்து பாக்கத்தான் ஆருமில்ல.

கோயில்பாளையம் வந்துருச்சா? செரி, இன்னும் இருக்குது.

இந்தத் தரணி வந்து சேர்ந்தான் பாரு. பி.எச்.டி. முடிச்சவன். ஆனா சட்டை ஒரு பக்கம் உள்ள, ஒரு பக்கம் வெளிய. மேசை மேல முறுக்குத் தூளு. மொத நாளே என்னை 'அக்கா'ங்கறான். மேடம்னு கூப்புடுன்னேன். 'செரிங்க்கா'ங்கறான்! எனக்கு மண்டைக்கு ஏறிருச்சு. என்ன பண்றது, போகப் போக உட்டுட்டேன். அவங்கம்மா கச்சாயம் சுட்டுக் குடுத்துச்சுன்னு டப்பாவுல கொண்டாருவான். எண்ணெய் ஒழுகும். நான் வாட்ச்மேன்கிட்டக் குடுத்துருவேன். அதைத் தெரிஞ்சுக்கிட்டு மக்யா நாளு சந்தகை, இடியாப்பமாட்ட இருக்குமே, அதைக் கொண்டாந்தான், 'இதுல எண்ணெயே இல்லீங்க்கா'ன்னுட்டு. அப்புறம் வாராவாரம் சந்தகைதான். சும்மா சொல்லக்கூடாது, நெம்ப நல்லா இருக்கும். தேங்காப்பால் ஊத்தி.

அந்த வருசம் ஆடிக் காத்து அடிக்கறப்ப எங்க எம்.டி. எல்லாரையும் கூப்புட்டு ஒக்கார வெச்சாரு. கட்டி நல்லா வளருது, பாக்கறதுக்கு அழகா இருக்குது, எல்லாஞ் செரி, சரக்கு எங்கன்னு கேட்டாரு. வெளியூருல இருந்து ஆர்டர் வருது, குடுக்க நம்மகிட்ட இல்ல, சரக்கை ஏத்திக் காட்டுங்கன்னுட்டாரு.

ஏத்தறதுக்கு வழி இருக்குது. உனக்குப் புரியற மாதிரி சொல்றேன். செல்லுக்கு வேளா வேளைக்குச் சோறு போட்டா, அது தின்னுட்டு வளந்துட்டே இருக்கும், மருந்து செய்யாது. எதுக்குச் செய்யோணும், அதுக்கென்ன கொறை? செடி மருந்து செய்யறதே பூச்சி கடிச்சா, பூசணம் வந்தா, தன்னைக் காப்பாத்திக்கத்தான். அதனால நாம என்ன பண்றம்னா, வளர்ற வரைக்கும் வளர உட்டுப்போட்டு, அப்புறம் வயித்தக் காயப் போடறது. இல்லைன்னா செத்த பூஞ்சையைக் கொதிக்க வெச்சு, அந்தத் தண்ணிய ஊத்தி உடறது. ஆரோ எதிரி வந்துட்டான்னு நெனச்சு செல்லு பதறிப்போயி மருந்தச் சுரக்கும். மல்லிகை வாசம் அடிக்கற ஒரு எண்ணெய் இருக்குது, அதைச் சொட்டு உட்டாலும் அப்படித்தான்.

நான் எல்லாத்தையும் ஊத்திப் பாத்தேன் அம்மிணி. பட்டினி போட்டேன். சர்க்கரைய ஏத்துனேன், எறக்குனேன். பூஞ்சைக் கஷாயம் மாத்தி மாத்தி ஊத்துனேன். ரூமெல்லாம் மல்லிகை வாசம், கல்யாண ஊடு மாதிரி. என்ற வெள்ளை அசையவே இல்ல. எல்லாத்தையும் குடிச்சுப்போட்டு இன்னும் வெள்ளையா நின்னுட்டு இருக்குது. கஷாயம் செரியில்லைன்னு சொன்னேன். பசை செஞ்ச பொடி செரியில்லைன்னு சொன்னேன். அது உண்மைதான், அந்த வருசம் வந்த பொடி மட்டம். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்னு, அந்தப் பொடிய வாங்கிப்போட்ட ஸ்டோர்ஸ்காரன் முணுமுணுத்தான், என்ற காதுல உழுந்துச்சு.

ஒரு நாளு மத்தியானம் இந்தத் தரணி குப்பைத் தட்டத் தூக்கிக்கிட்டு என்ற முன்னால வந்து நிக்கறான். நான் வேக வெக்கச் சொல்லி வெச்சிருந்த பழுப்புக் கட்டி. 'அக்கா, லைட்டை அணைச்சுப்போட்டு ஒருக்கா இதைப் பாருங்களேன்'ங்கறான். கையில டார்ச்சு. கடையில கள்ள நோட்டுப் பாப்பாங்களே, நீல வெளிச்சம், அந்த டார்ச்சு. அடிச்சுக் காட்டுனான். பழுப்புக் கட்டி பூரா நீலமா ஒளி உடுது. அப்புறம் என்ற வெள்ளை மேல அடிச்சான். அது இருட்டுல இருட்டாவே கெடக்குது. 'சரக்கு இருந்தாத்தான் இப்படி ஒளி உடுங்க்கா. நாம இதையல்ல வளத்தோணும்?'னு கேக்கறான்.

எனக்கு வந்துச்சே கோவம்! குப்பைத் தட்டக் கொண்டாந்து சுத்தமான ரூமுக்குள்ள வெக்கறான். ஒரு பூசணம் உள்ள வந்தா ஆரு பதில் சொல்றது? 'டார்ச்சுல ஆயிரம் மினுக்கும், மினுக்கறதெல்லாம் மருந்தா? எடுத்துட்டுப் போடா'ன்னேன். நின்னான். 'இல்லீங்க்கா, நீங்களே ஒரு தடவ சோதிச்சுப் பாருங்க, உங்க கைல பண்ணாத்தான் செரியா வரும்'னான். நைசாப் பேசறதுல அவனை மிஞ்ச முடியாது. நானே தட்ட வாங்கிட்டுப் போயி ஆவியில வெச்சேன். அப்புறமும் ரெண்டு மூணு தடவ கேட்டுட்டு வந்தான். நான் அந்தப் பேச்சையே எடுக்காதன்னுட்டேன்.

எடுக்கல. எடுக்கலைன்னா உட்டுட்டான்னு நெனச்சேன். அவன் என்ன பண்ணியிருக்கறான்? அடுத்த மாத்தற நாளு குப்பைக்குப் போனதுல ஒரு கட்டிய எடுத்து, அவன் ரூமு அடித்தட்டுல வெச்சு வளத்திருக்கறான். திருட்டுத்தனமான்னு கேக்கறயா? திருட்டுத்தனம்னு சொல்ல முடியாது. 'அக்கா, நான் ஒரு பழுப்பு வெச்சிருக்கறேனுங்க'ன்னு சொல்லத்தான் செஞ்சான். நாந்தான் காதுல வாங்கல. அது பேச்சு இல்ல இப்ப.

பேச்சு என்னன்னா, எம்.டி. மறுபடி எல்லாரையும் கூட்டுனாரு. தரணி எந்திரிச்சு அவன் பழுப்புல கஷாயம் ஊத்துன கணக்கைக் காட்டுனான். என்ற வெள்ளையில வந்ததைவிடப் பல மடங்கு. எம்.டி. கண்ணாடியக் கழட்டிட்டுப் பாத்தாரு. 'எங்க இருந்துப்பா புடிச்ச இதை?'ன்னாரு. இவன் சொல்றான், 'இது அக்கா லைன்தானுங் சார். நம்ம வெள்ளையில இருந்து ஒதுக்குனதுதான்.' எம்.டி.க்கு சிரிப்பு வந்துருச்சு. 'அப்ப இத்தன வருசமா மருந்தக் குப்பையில கொட்டிப்போட்டு, சுண்ணாம்பையா வளத்துட்டு இருந்தோம்?'னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. ஸ்டோர்ஸ்காரன் மேசையத் தட்டிச் சிரிக்கறான்.

தரணி சிரிக்கல. நான் பாத்துட்டேதான் இருந்தேன், அவன் சிரிக்கல. மனசுக்குள்ள சிரிச்சிருப்பான். 'இல்லீங் சார், அக்கா ஒரு பூசணம் அண்ட உடாமக் காப்பாத்துனதுனாலதான் அந்தக் குப்பையிலயும் உசுரு இருந்துச்சு. அவங்க இல்லைன்னா இது இல்லீங்'ன்னு சொன்னான். கேட்டயா? குப்பைங்கறான். அத்தன பேரு முன்னால என்னைக் குப்பைக்காரி ஆக்கிப்போட்டான்.

என்ன பாக்கற? அவன் எனக்கு ஏத்துக்கிட்டுத்தான பேசுனான்னு சொல்ற. எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. உனக்கு என்ன வயசாகுது? இதெல்லாம் உனக்குப் புரியாது. ஒருத்தர் நம்மளைப் பாத்துப் பாவப்படறதுக்கு, காறித் துப்பிட்டுப் போயிரலாம்.

அந்தச் சரக்கப் பத்தி ஒரு பெரிய மாநாட்டுல பேசறதுக்கு எழுதுனாங்க. அதுல என்ற பேரை மொதல்ல போட்டு, அவன் பேரைக் கீழ போட்டிருந்தான். பிச்சையா போடற? எடுன்னேன். எடுக்கலை. நான் வேலைய எழுதிக் குடுத்துட்டேன். எம்.டி. தடுப்பாருன்னு நெனச்சேன், சொன்னா என்ன. இத்தன வருசம் இருந்தவ. 'செரிங்க மேடம், உங்க விருப்பம்'னு கையெழுத்துப் போட்டாரு. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? பையத் தூக்கிட்டு நான் கேட்டுக்கு வர்றேன், நல்ல மழை. இவன் நனைஞ்சுட்டு வழியில நிக்கறான். 'போகாதீங்க்கா'ங்கறான். கொடையப் பிரிச்சுட்டு நான் பாட்டுக்கு வந்துட்டேன்.

அன்னூரா இது? டீ குடிக்கறயா? வேண்டாமா? இந்த டம்ளரெல்லாம் எந்தத் தண்ணியில கழுவுனாங்களோ, நல்லதுதான்.

ஊட்டுல இருக்கறது மொதல்ல நல்லாத்தான் இருந்துச்சு. தொடைச்சதையே தொடைப்பேன். அப்புறம் ஒரு மாதிரி ஆயிருச்சு. ஞாயித்துக்கெழமை பூரா ஒருத்தர்கிட்டயும் பேசாம இருந்துட்டு, திங்கக்கெழமை பால்காரன்கிட்ட வாயத் தொறந்தா சத்தமே வர மாட்டீங்குது, கம்முது. வேலைக்கு வந்த பொம்பளைங்களும் நிக்கறதில்ல. ஒருத்தி ஈரத்துணிய ஒழுங்காப் புழிய மாட்டா. ஒருத்தி தொணதொணன்னு பேசுவா, நிறுத்திட்டேன். இப்ப அவ பேசுனாலும் பரவால்லைன்னு தோணுது. வெசனமாத்தான் இருக்குது அம்மிணி. பொய் சொல்லி என்ன ஆகப்போகுது?

இவன் போன் அடிப்பான். எப்பங்கற? கட்டி மாத்தற நாளு. ஒவ்வொரு மாத்தற நாளும் வேலை முடிஞ்சதும் அடிப்பான். வெள்ளையக் கொட்டிருங்கன்னு எம்.டி. சொல்லிப்போட்டாராம், சரக்கு இல்லாததுக்கு எதுக்கு எடம்னு. இவன் ஒரே ஒரு குடுவைய மட்டும் ஓரத்துல வெச்சு மாத்திட்டு வர்றானாம். போட்டோப் புடிச்சு அனுப்புவான், 'உங்க வெள்ளை நல்லா இருக்குதுங்க்கா'ன்னு. எதுக்கு? ஒண்ணுத்துக்கும் ஒதவாததை எதுக்குக் காப்பாத்தோணும்? என்னைக் குத்திக் காட்டத்தான். நான் போன எடுக்கறதில்ல. அடிச்சு ஓயற வரைக்கும் பக்கத்துல ஒக்காந்து பாத்துட்டு இருப்பேன். மாத்தற நாளு எதுன்னு எனக்குத் தெரியுமல்ல, அன்னைக்குப் பொழுதோட வெளிய எங்கியும் போறதில்ல.

போன மாசம் நேருல வந்துட்டான். வெத்தலை பாக்கு, பத்திரிகை, இந்தச் சேலை. செருப்ப வாசல்லயே உட்டுட்டு, காலைக் கழுவிட்டு உள்ள வந்தான், அதுவரைக்கும் புத்தி வந்துருக்குது. சட்டை இன்னும் ஒரு பக்கம் வெளியதான். 'அக்கா, இணைச்சீருக்கு நீங்க ஒக்காரோணும்'னான். 'நான் எதுக்குடா, உங்க சித்தி மக இல்லையா?'ன்னேன். 'இருக்குதுங்க. அக்கான்னா நீங்கதானுங்க'ங்கறான். கல்யாணம் ஆகாதவங்க ஒக்காரலாமான்னு அவங்க பெரியம்மா கேட்டுதாம். 'அக்கான்னா அக்காதான், அதுல என்ன ஆனது ஆகாதது?'ன்னு இவன் சொல்லிப்போட்டானாம். அதையும் கொண்டாந்து என்கிட்டயே சொல்றான் பாரு, வெவஸ்தை கெட்டவன். நான் வர்றேன்னும் சொல்லல, வர்லைன்னும் சொல்லல. சேலைய வாங்கி வெச்சுக்கிட்டேன். அவன் போன பின்னால கதவச் சாத்திட்டு அழுதேன். எதுக்கு அழுதேன்னு எனக்கே தெரியல.

நீ என்ன சொல்ற, போலாமா? போறதுதான் மொறைங்கற. அட, எனக்கும் ஆசையாத்தான் இருக்குது. ஒருத்தன் பக்கத்துல மாலை போட்டு ஒக்கார்ற எடம் இனி எனக்கு வேற எங்க கெடைக்கப் போகுது? இது ஒண்ணுதான். ஆனா போனா என்ன ஆகும்? ஒறம்பரை, சொந்தபந்தம் பூரா கூடியிருக்கும். 'ஆரு இது, என்ன மொறை?'ன்னு கேப்பாங்க. இவன் என்ன சொல்லுவான்? 'ஆபீசுல இருந்தவங்க, பாவம், ஆருமில்ல'ம்பான். சொல்லுவான் அம்மிணி. அப்படித்தான் சொல்லுவான். ஸ்டோர்ஸ்காரனும் வந்திருப்பான், மூலையில நின்னுட்டுச் சிரிப்பான். சுண்ணாம்பை வளத்தவ சீருக்கு ஒக்காந்திருக்கறா பாருன்னு.

அவன் சொல்லியிருக்க மாட்டாங்கற. எப்படித் தெரியும் உனக்கு?

மில்லு தாண்டிருச்சு. இன்னும் ஒரு ஸ்டாப்புதான். எந்திரிக்கறேன் இரு. பையப் புடி. இல்ல வேண்டாம், கூட்டம் எறங்கட்டும். ரோட்டோரம் பாரு, வாழை மரமெல்லாம் கட்டியிருக்குது, அந்த மண்டபந்தானா? சீரியல் லைட்டு போட்டுட்டாங்களே அதுக்குள்ள. எத்தன காரு நிக்குது. இத்தன பேரா வந்திருக்கறாங்க?

போன் அடிக்குது. அவன்தான்.

எடுக்கட்டுமா? எடுக்கறேன்.

ஹலோ. ஆமா தரணி, நாந்தான். சொல்லு. ஆங்... ஆங்... பெரியம்மாவா? மாலையக் கையில வெச்சுட்டா நிக்குது? இல்ல தரணி. இல்லப்பா, எனக்கு ஒடம்பு செரியில்ல. காய்ச்சலு. வெடியால இருந்து படுத்தே கெடக்கறேன். ஊட்டுலதான். ஊட்டுலதான் இருக்கறேன், கட்டில்ல. எந்திரிக்கவே முடியல...

"புளியம்பட்டி! புளியம்பட்டியெல்லாம் எறங்கு! வெரசா எறங்கு, சத்தி மட்டும் ஒக்காரு! யாரும்மா மாம்பழச் சேலை, புளியம்பட்டி தான டிக்கெட்டு, எறங்கு எறங்கு!"

...தரணி? லைன்ல இருக்கறயா? ஆமா. ஆமா, மாத்திரை போட்டுட்டேன். செரிப்பா. செரி.

வெச்சுட்டான்.

இல்லீங் கண்டக்டர், நான் எறங்கல. சத்திக்குப் போறேன். மிச்சத்துக்கு டிக்கெட்டு குடுங்க. கோவிச்சுக்காதீங்க, குடுங்க.

அவனுக்குக் கேட்டிருக்காதல்ல அம்மிணி? அங்க மேளம் வேற அடிச்சுட்டு இருந்துச்சு. கேட்டிருக்காது. கண்டக்டருக்கு மெதுவாப் பேசத் தெரியாதா, தொண்டையா அது? மேளச் சத்தந்தான் வந்துச்சு. நான் வெச்சுட்டானோன்னு நெனச்சேன். அப்புறம் மெதுவாச் சொல்றான், 'செரிங்க்கா. ஒடம்பப் பாத்துக்குங்க. எங்க எறங்குனாலும் சாப்புட்டுட்டுப் படுங்க'ன்னு.

கட்டில்ல படுத்துக் கெடக்கறேன்னு சொன்னவகிட்ட, எறங்கறதப் பத்தி எதுக்குப் பேசறான்?

நீ ஏன் மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கற? சொல்லு அம்மிணி. கோவமா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல அவன்? ஏன் பொய் சொல்றீங்கன்னு கேட்டிருந்தா, நானும் ரெண்டு வார்த்தை திட்டிப்போட்டு, எறங்கியே போயிருப்பேன். கேக்கல பாரு. கேக்கவே இல்ல.

சத்தியில இருந்து திரும்பற வண்டி புளியம்பட்டிக்கு எத்தனை மணிக்கு வரும்? அதுக்குள்ள சீரு முடிஞ்சிருமா? சித்தி மகளை ஒக்கார வெச்சிருப்பாங்க இந்நேரம். இல்ல, சும்மாதான் கேட்டேன்.